தண்ணீருக்குள் ஒரு புலி!

ஜனவரி மாதத்துக் காலை. புல் நுனியெல்லாம் பனி உறைந்து வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. மூச்சு விட்டால் புகையாக வருகிறது. இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில், நார்போக் மாவட்டத்து ஏரி ஒன்றின் கரையில் ஒருவர் நிற்கிறார். காதை மூடிய கம்பளிக் குல்லாய். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தூண்டில் கோல் இன்னும் உறையிலேயே இருக்கிறது. அரை மணி நேரமாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மீன் பிடிக்க வந்தவர் தூண்டிலைப் போடாமல் வேடிக்கை பார்ப்பானேன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவர் வேடிக்கை பார்க்கவில்லை. வேட்டைக்கு இடம் பார்க்கிறார்!

அவர் தேடி வந்த மீனுக்குப் பெயர் பைக். மோட்டார் சைக்கிள் அல்ல; நன்னீரில் வாழும் ஒரு மீன். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா ஆகிய குளிர்ப் பிரதேசங்களில் உள்ள ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் அதுவே ராஜா. நம் நாட்டு ஆறுகளில் அது கிடையாது. ஆனால் நம் குளத்து விராலைப் பார்த்தவர்களுக்கு அதன் குணத்தை எளிதில் சொல்லிவிடலாம். விரால் எப்படிப் பாசிக்குள் அசையாமல் கிடந்து திடீரென்று பாய்கிறதோ, அப்படித்தான் பைக்கும். ஆனால் விராலைவிடப் பல மடங்கு பெரியது.

பதுங்கும், பாயும்!

பச்சை உடம்பு. அதன்மேல் வெளிர் மஞ்சள் புள்ளிகள். கோரைப் புல்லுக்கு நடுவே நின்றால் கண்ணுக்கே தெரியாது. வாத்தின் அலகு போலத் தட்டையான நீண்ட வாய். அதற்குள் ஊசி ஊசியாகப் பற்கள். மேல் வாயில் உள்ள பற்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கும். உள்ளே போன இரை வெளியே வர முடியாது. முதுகுத் துடுப்பு முதுகின் நடுவில் இல்லாமல், வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் நின்ற இடத்திலிருந்து அம்பு போலப் பாய முடிகிறது. தவளை, எலி, வாத்துக் குஞ்சு எதையும் விடாது. தன் இனத்தையே தின்றுவிடும்.

1653-ம் வருஷம் ஐசக் வால்டன் என்ற ஆங்கிலேயர் தூண்டில் கலை பற்றி எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் பைக்குக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். அந்தக் காலத்தில் இந்த மீனைப் பற்றி எத்தனையோ கட்டுக்கதைகள்! ஒருவகை நீர்ச் செடியிலிருந்தே பைக் பிறக்கிறது என்றுகூடச் சிலர் நம்பினார்கள். ஜெர்மனியில் 267 வயது பைக் ஒன்று பிடிபட்டது என்பது இன்னொரு கதை. அதன் எலும்புக்கூடு என்று ஒன்றை வெகு காலம் காட்டிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு ஆராய்ந்து பார்த்தபோது, பல மீன்களின் முதுகெலும்புகளைக் கோத்துச் செய்த மோசடி அது என்று தெரிந்தது!

கதை கிடக்கட்டும். நிஜமே பெரிதுதான். 1986-ல் ஜெர்மனியில் தூண்டிலில் சிக்கிய ஒரு பைக் 55 ராத்தல், அதாவது ஏறக்குறைய 25 கிலோ இருந்தது! பிரிட்டனில் 20 ராத்தல், அதாவது 9 கிலோ மீன் ஒன்றைப் பிடித்துவிட்டாலே தூண்டில்காரர் வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

புலியைத் தேடாதே, மானைத் தேடு!

இப்படிப்பட்ட மீன் எந்தத் தண்ணீரில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

முதல் வேலை, வீட்டில் உட்கார்ந்து தேசப்படத்தைப் பார்ப்பது. பத்து மைல் சுற்றளவில் நீல நிறத்தில் உள்ள ஏரி, ஆறு, கால்வாய், சரளைக்கல் எடுத்த பள்ளம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்வார்கள். இரண்டாவது, ஊரில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குப் போவது. எந்த நீர் யாருக்குச் சொந்தம், எந்தச் சங்கத்தில் சேர வேண்டும், ஒரு நாள் அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்பதெல்லாம் கடைக்காரருக்கு அத்துபடி.

மூன்றாவது வேலைதான் முக்கியம். நடக்க வேண்டும்! தூண்டில் இல்லாமல், கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கரையோரமாக நடக்க வேண்டும்.

காட்டில் மான் கூட்டம் எங்கே மேய்கிறதோ, அங்கேதான் புலி பதுங்கியிருக்கும். பைக் விஷயமும் அப்படியே. ரோச், பிரீம், பெர்ச் என்ற சிறு மீன்கள் எங்கே கூடுகின்றனவோ, அதற்குப் பக்கத்தில் பைக் நிச்சயம் உண்டு. சிறு மீன் இருக்கும் இடத்தைப் பறவைகளே காட்டிக்கொடுக்கும். நீர்க்காகமும் முக்குளிப்பானும் ஒரே இடத்தில் மாறி மாறி மூழ்கி எழுந்தால், அடியில் மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். அமைதியான நீரில் சிறு மீன்கள் திடீரென்று சிதறித் துள்ளினால் சந்தேகமே வேண்டாம். துரத்துகிறவர் யாரென்று தெரிந்துவிட்டது!

அடுத்து, பதுங்கும் இடம். நாணல் ஓரம், அல்லிக் கொடியின் விளிம்பு, சாய்ந்து விழுந்த மரம், பாலத்தின் நிழல், ஓடை வந்து கலக்கும் வாய், ஆழமில்லாத இடம் சட்டென்று ஆழமாகும் விளிம்பு. இவைதான் பைக்கின் வாசஸ்தலங்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் நீரோட்டத்தை எதிர்த்து நின்று அது சக்தியை வீணாக்காது. வளைவுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நிற்கும் மூலைக்கு ஒதுங்கிவிடும்.

நீருக்கு நீர் வேறு ரகம்

எல்லா நீருக்கும் ஒரே விதி பொருந்துமா? பொருந்தாது.

பென்ஸ் என்று ஒரு தாழ்நிலப் பிரதேசம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் வெறும் சதுப்பு. 17-ம் நூற்றாண்டில் வெர்மைடன் என்ற டச்சு எஞ்சினீயர் வந்து, கால்வாய்கள் வெட்டி நீரை வடித்து, நிலத்தை விளைநிலமாக்கினார். கோடு கிழித்தது போல 21 மைல் நேராக ஓடும் கால்வாய்கள் அங்கே உண்டு. எங்கே பார்த்தாலும் ஒரே மாதிரி! இங்கே பைக் பிடிக்க வருகிறவர், வித்தியாசமாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். ஒரு பாலம், ஒரு சிறு வளைவு, இரண்டு கால்வாய் சேரும் முனை, ஒரு பம்பு நிலையம். அங்கே சிறிது நேரம் இரையைப் போட்டுப் பார்ப்பார்கள். கடிக்காவிட்டால் அடுத்த இடம். ஒரே இடத்தில் நாள் பூராவும் உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர்தான் மிச்சம்.

பெரிய நீர்த்தேக்கங்கள் வேறு ரகம். அங்கே டிரவுட் மீன்களை வளர்த்து விடுகிறார்கள். அவற்றைத் தின்று பைக் கொழுக்கிறது. 1992-ல் வேல்ஸ் நாட்டு லாண்டெக்பெத் நீர்த்தேக்கத்தில் 46 ராத்தல் 13 அவுன்ஸ் பைக் ஒன்று பிடிபட்டதன் ரகசியம் இதுதான். ஆனால் கடல் போல விரிந்த அந்த நீரில் மீனைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடும் கதை.

ஸ்காட்லாந்தின் லாக் லோமண்ட் போன்ற ஆழமான ஏரிகளில், குளிர்காலக் கடைசியில்தான் நல்ல காலம். முட்டையிடும் பருவம் நெருங்கும்போது பைக்குகள் செடி கொடி நிறைந்த ஆழமற்ற குடாக்களை நோக்கி வருகின்றன. முட்டைகள் செடியில் ஒட்டிக்கொண்டு பொரிக்கும். மிகப் பெரிய மீன்கள் எல்லாம் பெண் மீன்களே. ஆண்கள் அவ்வளவு வளர்வதில்லை.

மனிதன் வெட்டிய ஏரிகள்

இனி, நாம் முதலில் பார்த்த ஏரிக்கரைக்கு வருவோம். நார்போக்கில் உள்ள இந்த ஏரிகளுக்கு பிராட்ஸ் என்று பெயர். இவை இயற்கையாக உண்டானவை என்றே உலகம் வெகுகாலம் நினைத்திருந்தது. ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவர சாஸ்திரப் பெண்மணியும் அவருடைய சகாக்களும் 1950-களில் ஆராய்ந்து உண்மையை வெளியிட்டார்கள். அடுப்பெரிக்கக் கரிமண் வேண்டி, பல நூற்றாண்டுகளுக்கு முன் மக்கள் வெட்டிய குழிகளே இவை! கடல் மட்டம் உயர்ந்து, குழிகளில் நீர் புகுந்து ஏரிகளாகிவிட்டன. பல இடங்களில் ஆள் ஆழம்கூடக் கிடையாது.

ஆழமற்ற நீர், நாணல் காடு, கணக்கற்ற சிறு மீன்கள். பைக்குக்கு இதைவிடச் சொர்க்கம் வேண்டுமா? குளிர் முற்றும்போது சிறு மீன்கள் திறந்த ஏரியை விட்டுப் படகுத் துறைகளில் வந்து அடைக்கலம் புகும். பைக்கும் பின்தொடரும். நம் தூண்டில்காரர் அரை மணி நேரம் நின்று பார்த்தது அந்தப் படகுத் துறையைத்தான்.

இந்தப் பிரதேசத்தில் ஹார்ஸி என்று ஓர் ஏரி. 1967-ல் அங்கே 40 ராத்தல் பைக் ஒன்று பிடிபட்டது. பிரிட்டன் முழுவதும் அதே பேச்சு! தூண்டில்காரர்களுக்கு ஹார்ஸி ஒரு யாத்திரை ஸ்தலமாகிவிட்டது.

இரண்டே வருஷம். 1969-ல் ஹார்ஸியிலும் பக்கத்தில் உள்ள ஹிக்லிங் ஏரியிலும் மீன்கள் செத்து மிதந்தன. கூட்டம் கூட்டமாகச் சிறு மீன்கள். அவற்றுக்கு நடுவே வெள்ளை வயிறு தெரிய, கிழட்டுப் பைக்குகள். கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி செய்த வேலை அது. உப்புக் கலந்த நீரில் அது பெருகினால் விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மீனின் செவுளைக் கெடுத்து மூச்சை அடைத்துவிடும். பல வருஷங்களில் வளர்ந்த மீன் சில நாட்களில் மடிந்தது. 2015-ல் அதே பாசி அந்தப் பக்கத்தில் மறுபடி தலைகாட்டியது. அந்தத் தடவை அதிகாரிகள் முந்திக்கொண்டார்கள். மீன்களை வலை போட்டு அள்ளி, நல்ல நீரில் கொண்டுபோய் விட்டார்கள்.

நல்ல ஏரியைக் கண்டுபிடிப்பது பெரிதல்ல. அது நல்ல ஏரியாகவே நீடிப்பதுதான் பெரிது என்பதற்கு ஹார்ஸியே சாட்சி.

கொல்லாத வேட்டை

பாசி மட்டுமா பகைவன்? மனிதனும்தான். ஒரு காலத்தில் பைக் என்றாலே கொன்றுவிடுவார்கள். மற்ற மீனைத் தின்கிற துஷ்டன் என்பது அவர்கள் எண்ணம். இரும்புக் கொக்கியை மாட்டிக் கரையில் இழுத்துப் போடுவார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு, மீனை வீசிவிடுவார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சிறு பைக்கைத் தின்று கட்டுக்குள் வைப்பதே பெரிய பைக்தான். பெரியதைக் கொன்றால் சிறியவை பெருகிவிடும். ஏரியில் மீன் மிஞ்சும் என்று எண்ணிச் செய்த காரியம் நேர்மாறாக முடியும்!

இந்த உண்மை மெல்ல உறைத்தது. 1977-ல் பிரிட்டனில் பைக் தூண்டில்காரர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். மீனைப் பிடி, பார், எடை போடு, உயிரோடு விட்டுவிடு என்பதே இன்றைய வழக்கம். நைலான் நரம்பைப் பைக் கடித்து அறுத்துவிடும். அறுத்தால் முள் தொண்டையிலேயே தங்கி மீன் சாகும். ஆகவே தூண்டில் முள்ளுக்கு மேலே கட்டாயம் கம்பி கட்ட வேண்டும். கடித்த உடனே இழுக்க வேண்டும். முழுக்க விழுங்கவிடக் கூடாது. ஈரமான மெத்தையின்மேல் கிடத்தி, நீண்ட இடுக்கியால் முள்ளை எடுக்க வேண்டும். கோடையில் நீர் சூடேறிப் பிராணவாயு குறையும். அப்போது பிடிபட்ட பைக் திரும்ப விட்டாலும் பிழைப்பது அரிது. ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் அக்டோபருக்கு முன் தூண்டிலைத் தொடமாட்டார்கள்.

சட்டமும் துணை நிற்கிறது. இங்கிலாந்தில் 13 வயதுக்கு மேற்பட்ட யாரும் ஏரி, ஆறுகளில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் இந்த வகை மீன்களைப் பிடிக்கத் தடை. ஆற்றுப் பைக்கை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நாளைக்கு ஒன்றுதான். அதுவும் 65 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பெரிய மீனை விட்டுவிடு என்கிறது சட்டம்!

"எங்கே பிடித்தீர்கள்?"

இவ்வளவு பாடுபட்டு ஒரு நல்ல நீரைக் கண்டுபிடித்தவரிடம் போய், "ஐயா, இந்த மீனை எங்கே பிடித்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "தண்ணீரில்தான்!" என்பார், சிரித்துக்கொண்டே. போட்டோவில்கூடப் பின்னணி தெரியாதபடி பார்த்துக்கொள்வார்.

இது கஞ்சத்தனம் என்று தோன்றும். ஆனால் காரணம் இருக்கிறது. ஒரு சிறிய ஏரியில் பெரிய பைக் நாலைந்துதான் இருக்கும். செய்தி பரவினால் கரை முழுக்கக் கூட்டம். அதே மீன் மறுபடி மறுபடி முள்ளில் சிக்கும். இழுப்பவர்களில் எல்லோரும் கை தேர்ந்தவர்களா? ஒன்றிரண்டு வருஷத்தில் அந்த ஏரி வெறும் தண்ணீராகிவிடும். ஆகவே புதிதாக ஆசைப்படுகிறவனுக்கு அனுபவசாலி இடத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. இடம் பார்க்கும் வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறார்.

நம் நார்போக்காரர் கடைசியில் உறையிலிருந்து கோலை எடுத்துவிட்டார். படகுத் துறை ஓரத்தில், நாணலுக்கு நாலடி தள்ளித் தக்கை மிதக்கிறது. சிவப்புத் தக்கை. லேசாக அசைகிறது. மறுபடி நிற்கிறது. பிறகு நிதானமாக ஒரு பக்கம் நகர்ந்து, நீருக்குள் மறைகிறது!

பத்து நிமிஷப் போராட்டம். வலையில் ஏறியது ஒரு பச்சைப் புலி. முள்ளை எடுத்து, எடை பார்த்து, இரு கையாலும் நீரில் பிடித்துக்கொள்கிறார். அதன் செவுள் மெல்லத் திறந்து மூடுகிறது. கையை எடுக்கிறார். வாலை ஒரு வீச்சு வீசி, வந்த வழியே போய்விட்டது மீன்.

அவர் வெறுங்கையோடுதான் வீடு திரும்புகிறார். அடுத்த வருஷமும் அது அங்கே இருக்கும்!