தாயற்ற ஆட்டுக்குட்டிகளின் வயிற்று நோய்

அறந்தாங்கித் தாலூகாவில் ஆடு ஈன்ற சில தினங்களில் தாய் இறந்துபோவதும், குட்டியைப் புட்டிப்பால் ஊட்டி வீட்டார் வளர்ப்பதும் புதிதன்று. அத்தகைய குட்டி மூன்று வாரமானதும் கழியத் தொடங்கினால், “பூச்சி விழுந்துவிட்டது” என்று தீர்மானித்து, கடையில் குடற்புழு மருந்து வாங்கி ஊற்றிவிடுகின்றனர். குட்டி இறந்தால் பழி மருந்தின்மேல் விழுகிறது. அநேக சமயங்களில் நோய் ஒன்று, கொடுத்த மருந்து வேறொன்று.

வயிற்றுப் புழுக்களில் பெரும்பாலானவை மேய்ச்சற் புல்லின் வழியே சேர்பவை. பாலும் தோலும் வழியாகப் புகும் சிறு நூற்புழு ஒன்று உண்டு என்பது மெய்யே. ஆயினும், புல் கடித்தறியாத குட்டி மூன்று வாரத்திற்கு மேல் கழியுமாயின் முதலில் சந்தேகிக்க வேண்டியது காக்ஸிடியா என்னும் ஓரணு உயிரையே. இது கண்ணுக்குப் புலப்படாது. பெரிய ஆடுகளின் சாணத்தில் வெளிப்பட்டு, ஈரத்தரையில் சில தினங்களில் முற்றி, தரையை நக்கும் குட்டியின் குடலை அடைகிறது. சாணம் இளகி நாறும், சளியும் சில வேளை இரத்தமும் கலந்திருக்கும், வாலடி நனைந்திருக்கும், குட்டி முக்கும். கோழிகளால் வந்ததென்று அவற்றை விரட்டுவதில் பயனில்லை. கோழியின் காக்ஸிடியா ஆட்டைப் பற்றாது.

அல்பெண்டசோல் முதலிய புழுமருந்துகள் இதனைக் கொல்லமாட்டா. ஆம்ப்ரோலியம் அல்லது சல்பா மருந்தை, கால்நடை மருத்துவர் குறிக்கும் அளவில், குறித்த நாள்வரை கொடுக்க வேண்டும். குட்டியைக் கொல்வது பெரும்பாலும் நீர் வற்றுதலே. ஆகவே கொதித்தாறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, பால் வேளைகளுக்கு இடையே சிறிது சிறிதாகப் புகட்டலாம். பாலை அறவே நிறுத்தலாகாது. கொடாப்பைத் தினந்தோறும் உலர்ந்த இடத்திற்கு மாற்றுதல் மருந்துக்கு இணையானது, செலவும் இல்லை.

குட்டி மேயத் தொடங்கிய பிறகு நிலைமை வேறு. மழைக்குப்பின் கண்மாய் ஓரத்து ஈரப்புல்லில் இரத்தம் உறிஞ்சும் புழுவின் இளம்பூச்சிகள் ஏறியிருக்கும். இரைப்பையில் தங்கும் இப்புழு, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைப்போல் தோன்றும். பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முட்டைகளுக்குமேல் இடும். ஒரு புழு நாளில் சுமார் 0.05 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கும் என்பது கணக்கு. இந்நோயில் கழிச்சல் இல்லாமலே குட்டி மெலியும். கீழ் இமையைத் தாழ்த்திப் பார்த்தால் வெளுத்திருக்கும். தாடையின்கீழ் நீர் கோத்துத் தொங்கும். தென்னாப்பிரிக்காவில் வகுக்கப்பட்ட இமை வண்ண அட்டை ஐந்து படிகள் உடையது. அதில் நான்கு, ஐந்தாம் படியிலுள்ளவற்றுக்கு உடனே மருந்து வேண்டும். மந்தை முழுமைக்கும் அடிக்கடி ஊற்றுவதால் புழுக்கள் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. எடையைக் கண்மதிப்பாகக் குறைத்துக் கொடுப்பதும் அதே கேட்டை விளைவிக்கும். வெள்ளாட்டின் உடல் மருந்தை விரைவில் கழித்துவிடுவதால், செம்மறியின் அளவு அதற்குப் போதாது. முற்காலத்தில் மயில்துத்தம் கரைத்துக் கொடுத்தனர். செம்மறிக்குச் செம்பு எளிதில் நஞ்சாவதால் அதனை இன்று கையாளலாகாது.

தாயற்ற குட்டி சீம்பால் பெற்றதா என்பதையும் விசாரிக்க வேண்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் வேறோர் ஆட்டின் சீம்பாலாவது கிடைக்காத குட்டிக்கு எந்நோயையும் தாங்கும் வலு இராது.

ஐயம் தோன்றின், ஆசனவாயிலிருந்தே எடுத்த புதுச் சாணத்தைச் சுத்தமான சிறு புட்டியில் அடைத்து, குட்டியின் வயதையும் மேய்கிறதா என்பதையும் சீட்டில் எழுதி, அன்றைய தினமே கால்நடை மருந்தகத்தில் சேர்ப்பிக்கவும். தரையில் கிடந்து காய்ந்த சாணம் பரிசோதனைக்கு உதவாது.