முதுகில் கத்தி எப்போது?

குலசேகரன்பட்டினத்துக் கடற்கரையில் விடியற்காலையில் நின்று பாருங்கள். படகைத் தோள்கொடுத்து மணலில் தள்ளுவோர், ஈரவலையை இழுப்போர், மீன்கூடையைத் தலையில் ஏற்றும் பெண்கள்: இவர்கள் அனைவரின் பாரத்தையும் இறுதியில் தாங்குவது முதுகெலும்பே. ஒரு நாள் குனிந்தவர் நிமிர முடியாமல் நின்றுவிடுகிறார். இடுப்பிலிருந்து பாதம்வரை வலி பாய்கிறது. "ஜவ்வு விலகிவிட்டது" என்கிறார் மருத்துவர். உடனே இரண்டு அச்சங்கள் வீட்டில் குடியேறுகின்றன. அறுவை செய்தால் கால் விழுந்துவிடுமோ என்பது ஒன்று. செய்யாவிட்டால் பிழைப்பே போய்விடுமோ என்பது மற்றொன்று. இரண்டையும் சற்று ஆராய்வோம்.

விலகுவது எது?

முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் 23 வட்டுகள் உள்ளன. வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே கூழ். வளையம் தளர்ந்து வட்டு புடைப்பது ஒரு நிலை. கூழே பிதுங்கி நரம்பை அழுத்துவது அடுத்த நிலை. கோவை கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 181 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். பெரும்பாலோரிடம் பிளவு நேர்ந்தது வளையத்தில் அன்று. வட்டு எலும்போடு ஒட்டும் இடத்தில் என்று அது காட்டியது.

புடைப்பு மட்டுமே நோயாகாது. முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் செய்து 1994-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், 52 விழுக்காட்டினரிடம் வட்டுப் புடைப்பு இருந்தது! சிகிச்சை மனிதருக்கேயன்றிப் படத்துக்கு அன்று.

காத்திருக்கலாமா?

பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களில் வலி தணிகிறது. பிதுங்கிய கூழைப் பல வேளைகளில் உடலே கரைத்துக்கொள்கிறது. மருந்து, இயன்ற நடை, பின்னர் பயிற்சி ஆகியவை போதும். நெடுநாள் படுக்கை கூடாது. நெதர்லாந்தில் கடுங்கால்வலியுற்ற 283 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே அறுவை செய்துகொண்டோருக்கு வலி விரைவில் நீங்கியது. ஆயினும் ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் நலமடைந்திருந்தனர். காத்திருந்தோரில் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவையை நாடினர் என்பதையும் மறைத்தலாகாது.

அறுவை முறைகள்

பிதுங்கிய வட்டே கால்வலிக்குக் காரணம் என்று பாஸ்டன் மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் 1934-இல் எழுதினர். இன்று நுண்நோக்கியின் துணையுடன் சிறு கீறல் வழியே பிதுங்கிய துண்டை மட்டும் அகற்றுகின்றனர். பலர் அன்றோ மறுநாளோ நடக்கின்றனர். உள்நோக்குக் குழாய் வழியாகச் செய்வதும் உண்டு. நரம்புப் பாதை குறுகியிருந்தால் எலும்பின் ஒரு பகுதியை நீக்குவர். முள்ளெலும்புகளைத் திருகாணியால் இணைப்பது, அவை நிலைகுலைந்திருந்தாலன்றிப் பொதுவாகத் தேவையில்லை.

அறுவையால் கால்வலி நன்கு தணியும். முதுகுவலி அவ்வளவு தணியாது. கிருமித் தொற்று, நரம்புக் காயம், மீண்டும் பிதுங்குதல் ஆகியவை சிலருக்கு நேரலாம்.

தாமதிக்கலாகாத வேளை

சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சிறுநீர் அடைத்தல், அமரும் இடம் மரத்துப்போதல், இரு கால்களும் வலுவிழத்தல்: இவற்றில் ஒன்று தோன்றினாலும் அன்றே மருத்துவமனை செல்க. எண்ணெய் தடவி நீவிக்கொண்டிருந்தால் அப்பயன்கள் திரும்பாமலே போகலாம். பாதம் தொங்கினாலும் விரைந்து காட்டுக.

மற்றவர்கள் படகையோ தாலிச் சங்கிலியையோ விற்குமுன் மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த நரம்பு அழுத்தப்படுகிறது? காத்திருந்தால் என்ன ஆகும்? அறுவையால் எந்த வலி தீரும்? தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கருத்துக் கேளுங்கள்; முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இடமுண்டா என்றும் விசாரியுங்கள். அச்சத்தால் கத்தியை மறுப்பதும் வேண்டாம். அவசரத்தால் அதை நாடுவதும் வேண்டாம்.