வள்ளத்துக்கு எந்த பீக்கன்? ரூபாயும் மீட்டரும் சொல்லும் கணக்கு

364 கோடி ரூபாயை ஒரு லட்சம் படகுகளுக்குப் பங்கிட்டால் படகுக்கு 36,400 ரூபாய் வரும். கடலில் இருக்கும் படகோடு செயற்கைக்கோள் வழியாகப் பேசும் டிரான்ஸ்பாண்டர் கருவியை மீனவர்களுக்கு இலவசமாகப் பொருத்த, 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிய திட்டத்தின் கணக்கு இது. 2017இல் வந்த ஒக்கிப் புயலில் உயிர்போனவர்களின் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் கேரளமும் தமிழ்நாடும் அறிவித்த நிவாரணம் 20 லட்சம் ரூபாய். அந்த ஒரு தொகையில் 54 படகுகளுக்குக் கருவி வாங்கியிருக்கலாம். இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, ஆபத்தில் படகு இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகச் சொல்லும் பீக்கனையும் வீண்செலவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாறசாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் பொழியூர் வரும். நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் கடைசிக் கரை அது. தெற்குக் கொல்லங்கோட்டைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று கோடு விழுந்தது மாநிலங்களுக்கு நடுவில்தான். கடலில் இரு கரையாரும் ஒரே நீவாட்டில்தான் (நீரோட்டத்தில்தான்) வலை விரிக்கிறார்கள். 2017 நவம்பர் 29 காலையில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், மறுநாள் காலை குமரிக்கடலில் ஒக்கிப் புயலாகிவிட்டது. இடையில் ஒரே ஒரு நாள். ஏற்கெனவே தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க, போயிருந்தவர்களுக்கு அந்தச் செய்தியைச் சேர்க்க வழியே இல்லை.

தேடுவது எவ்வளவு கடினம் என்பதையும் எண்ணில் பார்க்கலாம். கடைசியாக இருந்த இடம் சரியாகத் தெரிந்த ஒரு வள்ளத்தை, மணிக்கு ஒரு கடல்மைல் வேக நீவாடு திசை தெரியாமல் 24 மணி நேரம் இழுத்துப் போகிறது என்று வையுங்கள். 24 கடல்மைல் என்றால் 44 கிலோமீட்டர். அந்த வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 6,200 சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல மூன்றரை மடங்குக்கும் மேல். 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் இருந்தால், ஜிபிஎஸ் இல்லாத பழைய வகையே ஆனாலும், 5 கிலோமீட்டர் ஆரத்துக்குள் இடம் தெரிந்துவிடும். பரப்பு 78 சதுர கிலோமீட்டர். ஜிபிஎஸ் உள்ளதென்றால் 100 மீட்டர். அப்போது தேட வேண்டிய பரப்பு ஒரு சதுர கிலோமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான்.

இந்த பீக்கனின் உழைப்பு வியப்பானது. 5 வாட் சக்தியில், 50 விநாடிக்கு ஒரு முறை, அரை விநாடி மட்டும் அது பேசும். 48 மணி நேரத்தில் 3,456 முறை. பேசிய நேரத்தை எல்லாம் கூட்டினால் அரை மணி நேரம்கூட வராது. அதனால்தான் படகில் பொருத்தும் வகையின் சிறிய பேட்டரி இரண்டு நாள் தாங்குகிறது.

எதை வாங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். படகோடு பொருத்தும் வகைக்கு ஈபர்ப் என்று பெயர். படகு மூழ்கும்போது நீரின் அழுத்தத்தில் ஒரு கத்தி இயங்கிப் பிடியை அறுக்கும். பீக்கன் தானாக மேலே வந்து பேசத் தொடங்கும். அந்தக் கத்தி இயங்க 1.5 முதல் 4 மீட்டர் ஆழம் வேண்டும். பொழியூரில் ஓடும் ஃபைபர் வள்ளத்தின் உடல் ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். உள்ளே நுரை அடைத்த வள்ளம் கவிழ்ந்தாலும் மூழ்காது. குப்புறக் கிடந்து மிதக்கும். விளிம்பில் திருகிவைத்த ஈபர்ப் நீருக்கடியில் ஒரு மீட்டருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். கத்தி அறுக்காது. அந்த அலைவரிசை உப்புநீரைத் துளைக்கவும் செய்யாது. ஆக, விலை கூடிய தானியங்கிக் கருவி, மிக வேண்டிய நேரத்தில் ஊமையாகிவிடும். இந்த 1.5 மீட்டர் என்ற எண்ணை வாங்கப் போகும் ஒவ்வொருவரும் மனத்தில் வைக்க வேண்டும்.

வள்ளத்துக்கு ஏற்றது உடம்பில் கட்டும் பி.எல்.பி. கைக்கடக்கமானது, குறைந்தது 24 மணி நேரம் பேசும். ஆனால் அதன் ஆன்டெனாவை நீருக்கு மேலே நிமிர்த்திப் பிடித்தாக வேண்டும். நீந்திக்கொண்டே ஒரு கையை மணிக்கணக்கில் உயர்த்திவைக்க யாராலும் முடியாது. எனவே உயிர்காப்பு ஜாக்கெட்டின் தோள்பட்டையில், மார்புக்கு மேலே அதைக் கட்டுங்கள். ஜாக்கெட் இல்லாத பி.எல்.பி.க்குப் பாதி மதிப்புகூட இல்லை.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுக்கு நிலைமை தலைகீழ். அது முழுதாக மூழ்கும். அங்கே ஈபர்ப்தான் சரி. பொருத்தும் இடம் வீல்ஹவுஸின் கூரை அல்லது அதன் வெளிச்சுவர். மேலே தார்ப்பாயோ கயிறோ வலைக்குவியலோ இருக்கக் கூடாது. மேலே வரும் பீக்கன் அவற்றில் சிக்கிக்கொள்ளும். திசைகாட்டியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், சுவிட்சில் காந்தம் உண்டு. சுவருக்கு உட்புறம் ஒரு தகடு வைத்து, துருப்பிடிக்காத போல்ட்டால் முடுக்குங்கள். ஒரு தவறு மிகவும் சாதாரணமாக நடக்கக்கூடியது: பத்திரமாக இருக்கட்டும் என்று பீக்கனின் கயிற்றைப் படகோடு கட்டிவிடுவது. படகு அதையும் சேர்த்து அடியில் கொண்டுபோய்விடும். அந்தக் கயிறு தண்ணீரில் இருக்கும் ஆளோடு கட்டுவதற்கு உள்ளது.

செலவுக்கு வருவோம். வெளிநாட்டுச் சந்தையின் சுமாரான விலைகளையும், டாலருக்கு 85 ரூபாயையும் வைத்துக்கொள்கிறேன். வரியும் அனுப்பும் கூலியும் தனி. ஈபர்ப் 500 டாலர். நீரழுத்தப் பிடியை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். 100 டாலர் வீதம் பத்தாண்டில் நான்கு முறை, 400. இடையில் ஒரு பேட்டரி மாற்றம் 250. மொத்தம் 1,150 டாலர், அதாவது 97,750 ரூபாய். நாளொன்றுக்கு 27 ரூபாய். பி.எல்.பி. 350 டாலர் என்றால் 29,750 ரூபாய். பேட்டரி தாங்கும் ஐந்தாண்டுக்கு நாளுக்கு 16 ரூபாய். ஐந்து பேர் தொழிலுக்குப் போகும் வள்ளத்தில் தலைக்கு 5,950 ரூபாய் போட்டால் ஒன்று வாங்கலாம். அதை வள்ளத்தை ஓட்டுபவர் மேல் கட்டலாம்.

ஆபத்து அழைப்பு அனுப்பும் இஸ்ரோவின் டாட் கருவியும் உண்டு. 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது, 20,000க்கும் மேற்பட்ட கருவிகள் பயன்பட்டிருக்கின்றன. 2024 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை, அழைப்பு கிடைத்துவிட்டது என்று கடலில் இருப்பவருக்கே பதில் அனுப்புகிறது. புயல் எச்சரிக்கையையும் செல்போனில் அவரவர் மொழியில் காட்டுகிறது. 2017இல் இல்லாமல் போனது, கரையிலிருந்து கடலுக்குச் செய்தி போகும் இந்த எதிர்வழிதான். கரைக்கு அருகில் தொழில் செய்பவர் முதலில் கேட்டுப் பெற வேண்டியது இதுவும் இலவச டிரான்ஸ்பாண்டருமே.

வளைகுடாவில் வேலை செய்யும் உறவினர் வாங்கி வரும் பீக்கனில் நாட்டு எண்ணைப் பார்க்கத் தவறாதீர்கள். இந்தியாவின் எண் 419. ஐக்கிய அரபு அமீரகத்தின் 470 பதிந்திருந்தால், படகு யாருடையது என்ற விசாரணை அங்கே போய் நிற்கும். 419 என்று பதிந்து, பெங்களூருவில் உள்ள இஸ்ரோவின் கட்டுப்பாட்டு மையத்தில் படகின் பெயர், நிறம், ஆள் எண்ணிக்கை, கரையில் எந்நேரமும் எடுக்கக்கூடிய இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். பொழியூர் வள்ளம் நீரோடிக்காரருக்குக் கைமாறும்போது எஞ்சினும் வலையும் விலைபேசப்படும் அன்றே இந்தப் பதிவையும் மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால், கடலோரக் காவல்படை பழைய முதலாளியின் வீட்டுக்குத்தான் போன் போடும். அவரோ, வள்ளம் விற்று நாளாயிற்று என்பார்.