தலை முதல் பாதம் வரை



ஒர்க்ஷாப்பில் லேத்தை ஓடவிடும் முன் ஆயில் இருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, போல்ட் கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். கெட்டபின் பழுது பார்ப்பதைவிட, கெடும் முன் பார்ப்பது செலவு குறைவு. 'பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ்' என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்குகிறோம். சரி, நம் வீட்டில் அறுபது எழுபது வருஷமாக ஓய்வில்லாமல் உழைத்த உடம்புகளை யார் அப்படிப் பார்ப்பது?

நான் சொல்ல வருவது தோலைப் பற்றி. வயதானால் தோல் மெலிகிறது, வறண்டு வெடிக்கிறது, காயம் ஆற நாளாகிறது. அதே வயதில் கண்ணும் மங்குகிறது, குனியவும் முடிவதில்லை. தன் உள்ளங்காலைத் தானே பார்க்க முடியாது. முதுகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் ஜனங்கள் வலித்தால்தான் டாக்டரிடம் போவார்கள். ஆனால் தோலில் வரும் பொல்லாத வியாதிகள் பலவும் ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. அதுதான் ஆபத்தே! மூன்று உதாரணம் சொல்கிறேன்.

முதலாவது, சர்க்கரை நோய். பல வருஷம் சர்க்கரை கூடுதலாக இருந்தால் காலில் உள்ள நரம்புகள் உணர்ச்சியை இழக்கின்றன. எங்கள் தாத்தாவின் டயர் செருப்பில் ஆணி ஒன்று மேலே வந்து உள்ளங்காலைக் குத்தியிருக்கிறது. சிமெண்டுத் தரையில் ரத்தக் கறையைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் வலிக்கலியேடா" என்றார் தாத்தா. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். ஆற இரண்டு மாதம் ஆனது, கால் தப்பியது. எங்கள் தெருவிலேயே இன்னொரு பெரியவருக்கு இப்படி ஒரு புண்ணைக் கவனிக்காமல் விட்டு, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது, தொழுநோய். "அதெல்லாம் ஒழிஞ்சு போச்சே" என்பீர்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியது உண்மைதான். ஆனாலும் 2023-ம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கிருமி புகுந்து அறிகுறி தெரிய சராசரியாக 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும். வெளிறிய அல்லது சிவந்த தேமல், அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவு - இதுதான் அடையாளம். 6 அல்லது 12 மாதம் கூட்டு மருந்து சாப்பிட்டால் நோய் குணமாகும். அரசு மருந்து இலவசம். தாமதித்தால் நரம்பு கெட்டு விரல் மடங்கிவிடும்.

மூன்றாவது, தோல் புற்றுநோய். வெள்ளைக்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். ஆனால் கறுத்த தோலுக்கு வரவே வராது என்று நினைக்க வேண்டாம். 'மெலனோமா' என்ற கொடிய வகை நம்மைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற இடங்களில்தான் வருகிறது. ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது. 1981-ல், 36 வயதிலேயே இறந்தார்.

எப்படிப் பார்ப்பது?

1. மாதம் ஒருமுறை, குளித்த பிறகு, நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலைத் தினமும் பார்க்க வேண்டும்.

2. உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், முதுகு, அக்குள், தோல் மடிப்புகள், விரல் இடுக்கு, நகம், உள்ளங்கால் என்று வரிசையாகப் பாருங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இடுப்பின் அடிப்பகுதியும் குதிகாலும் முக்கியம்.

3. தேமல் இருந்தால் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் மெல்லத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள்.

4. புதிதாக வந்த மச்சம், வடிவம் நிறம் மாறும் மச்சம், ஒரு மாதமாகியும் ஆறாத புண் - இருக்கும் இடம், அளவு, தேதி எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

பிளேடால் சீவுவதும் சுண்ணாம்பு தடவுவதும் வேண்டவே வேண்டாம். அதற்காகப் பயமுறுத்தவும் கூடாது. வயதானவர்களுக்கு வரும் மரு, சிவப்புப் புள்ளி எல்லாம் பெரும்பாலும் தீங்கில்லாதவை. எது தீங்கு என்று முடிவு செய்வது டாக்டர் வேலை. பார்த்துச் சொல்வது மட்டுமே நம் வேலை.

பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். பாட்டிக்குப் பேத்தியும் தாத்தாவுக்குப் பேரனும் பார்த்தால் கூச்சம் பாதி குறையும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் காலேஜ் படியை மிதித்தவன் நான். கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தவர்கள், "படிச்ச புள்ள சொல்றான்" என்று என் பேச்சைக் கேட்கிறார்கள். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான். அந்த மரியாதையை இதற்குப் பயன்படுத்துவோம். இந்தப் பொங்கல் லீவில் ஊருக்குப் போனதும் பெரியவர்களைத் திண்ணையில் உட்கார வைத்து, முதலில் உள்ளங்காலைப் பாருங்கள். பத்து நிமிஷம் போதும்.

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை