வடிநீர் சொல்லும் செய்தி

தில்லி போன்ற பெருநகரங்களில் பால்கனித் தொட்டிகளே பல வீடுகளுக்குத் தோட்டம். நிலத்துச் செடியின் வேர் உணவைத் தேடித் தொலைவு செல்லும். தொட்டிச் செடிக்கு அவ்வாய்ப்பு இல்லை. எனவே உரம் இடுகிறோம். செடி உண்டது போக எஞ்சிய உரம் உப்பாக மண்ணில் தங்கும். உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச இயலாது. மண் ஈரமாக இருந்தும் செடி வாடும், இலைநுனி கருகும். பசி என்றெண்ணி மேலும் உரமிட்டால் செடி மடியும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சன்றோ!

இதனை முன்னரே அறிய வழியுண்டு. உரநீரை அடித்துளை வழியே வடியும் அளவு ஊற்றி, வடிநீரைத் தூய தட்டில் ஏந்த வேண்டும். குடிநீரைச் சோதிக்கும் டி.டி.எஸ். மானியால் இரண்டையும் அளக்க வேண்டும். உரநீர் 600, வடிநீர் 1500 எனக் காட்டினால் மண்ணில் உப்பு சேர்ந்துள்ளது என்பது பொருள். அப்போது உரத்தை நிறுத்தி, வெறும் நீரைப் பலமுறை ஊற்றி வடியவிட வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தால் உர அளவு சரியே. வடிநீரில் குறைந்திருந்தால், செடி உணவை விரைந்து உண்கிறது எனலாம்.

மானி உப்பின் மொத்த அளவையே காட்டும்; எந்தச் சத்து எவ்வளவு என்று காட்டாது. ஆகவே இலையின் நிறத்தையும் நாள்தோறும் நோக்குதல் நன்று.