இரண்டு வயதுப் பிள்ளைக்கு வகுப்பு அவசியமா?



கல்வி உதவி கேட்டு நமது அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் இப்போது இரண்டு, இரண்டரை வயதுப் பிள்ளைகளின் பிளே ஸ்கூல் கட்டணமும் சேர்ந்துவிட்டது. நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் உண்டு. "பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏ பி சி டி சொல்லுது, எம் புள்ள சும்மா விளையாடிக்கிட்டே இருக்கான்" என்பது தாய்மார்களின் கவலை. "விட்டா தானா வளரும்" என்பது நன்னிமார்களின் பதில். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

இந்த வயதுப் பிள்ளையின் நாள் எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டியது. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. நாள் முழுக்கப் பரவலாகக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாடி இருக்க வேண்டும். செல்போன், டிவி ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு வயதுப் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம்.

இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. டப்பா மூடியைத் திறந்து மூடுவதும், குவளையில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதும், வெங்காயத் தோலைப் பொறுக்கிப் போடுவதும் அந்த வயதின் பாடங்கள்தாம். கூடவே பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்து, பிள்ளையின் மழலைக்கும் பதில் சொன்னால் மொழி வளரும்.

ஆனால் சும்மா விடுவது வேறு, செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குவது வேறு. அத்தா கடை அடைத்து வரும்வரை பிள்ளையும் இரவு 12 மணிக்கு விழித்திருப்பது சுதந்திரம் அல்ல. தூங்கும் நேரம், சாப்பிடும் நேரம், குளிக்கும் நேரம், படுக்கும்முன் ஒரு கதை: இவை நாளுக்கு நாள் மாறாமல் இருக்கட்டும். மற்ற நேரம் பிள்ளையுடையது. அட்டவணை என்றால் இந்த அளவு போதும்.

மார்க்கக் கல்வியிலும் அவசரம் வேண்டாம். தொழுகையை ஏவும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன வயது ஏழு. பேரப்பிள்ளை முதுகில் ஏறியபோது ஸுஜூதையே நீட்டியவர்கள் அவர்கள். சின்னச் சூராக்களை நாம் ஓதப் பிள்ளை காதால் கேட்டு வரட்டும். ஒப்பிக்கச் சொல்லி மிரட்ட வேண்டாம்.

தாயும் வேலைக்குப் போகும் வீட்டிலும், ஓடியாட இடமில்லாத வீட்டிலும் வெளியிடம் தேவைப்படலாம். இரண்டு வயது நிறைந்த பிள்ளையை அருகிலுள்ள அங்கன்வாடியில் சேர்க்கலாம். அங்கே விளையாட்டும் மதிய உணவும் இலவசம். வசதி உள்ளவர்கள் பிளே ஸ்கூலில் சேர்ப்பது தவறல்ல. கடன் வாங்கிச் சேர்க்க வேண்டாம் என்பதே நாம் சொல்வது. அந்தப் பணம் பிள்ளையின் கல்லூரி நாளில் தேவைப்படும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. இரண்டு வயது முடிந்தும் "உம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத பிள்ளையையும், எந்த வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையையும் மருத்துவரிடம் காட்டிக் காது கேட்கும் திறனைப் பரிசோதியுங்கள். பிளே ஸ்கூலில் சேர்த்தால் பேசிவிடும் என்று காத்திருந்து மாதங்களை இழக்காதீர்கள். மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இதற்கென ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. அங்கே பரிசோதனை இலவசம்.

போய்வர வழிச்செலவுக்குச் சிரமப்படுவோர் அஸருக்குப் பின் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், ஏற்பாடு செய்கிறோம்.