'பை' வருமா... 'வித்' வருமா? ஆங்கிலத்தில் குழப்பும் 'ஆல்' உருபு: 'வச்சு' போட்டுப் பார்த்தால் விடை ரெடி!

விழுப்புரத்தில் இருந்து திண்டிவனத்துக்கு எப்படி வந்தீங்க? 'பஸ்ல', 'ட்ரெயின்ல', 'பைக்ல' என எதற்கும் தமிழில் ஒரே 'ல' போதும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை.

பயணம் என்றால் என்ன சொல்லணும்?

வாகனத்தின் வகையை மட்டும் சொன்னால் 'பை பஸ்', 'பை ட்ரெயின்'. நடுவில் 'மை', 'தி' வந்தால் 'பை' வராது. என்னோட பைக்ல வந்தேன் என்றால் 'ஆன் மை பைக்'. கார் என்றால் 'இன் மை கார்'. நடந்து வந்தால் 'ஆன் ஃபுட்'.

கருவி என்றால்?

நன்னூல் சொல்லும் மூன்றாம் வேற்றுமைக்கு கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள். கருவிக்கும் செய்தவருக்கும் நாம் 'ஆல்' போடுகிறோம்: 'கத்தியால் வெட்டப்பட்டது', 'கண்ணனால் வெட்டப்பட்டது'. ஆங்கிலம் இதைப் பிரித்துவிடுகிறது. செய்தவர் என்றால் 'பை கண்ணன்'. கருவி என்றால் 'வித் எ நைஃப்'. 'நண்பனோடு' என்ற உடனிகழ்ச்சிக்கும் அதே 'வித்' தான்.

மாறினால் என்ன ஆகும்?

ஒரு புகாரை ஆங்கிலத்தில் எழுதும்போது இது முக்கியம். 'ஹிட் பை எ ஸ்டோன்' என்றால் கல் பட்டது. அது தானாகக்கூட விழுந்திருக்கலாம். 'ஹிட் வித் எ ஸ்டோன்' என்றால் ஒருவர் கல்லால் அடித்தார். ஒரே சொல்லில், விபத்தா தாக்குதலா என்பதே மாறிவிடும்.

அப்படியானால் சட்டத்தில் ஏன் 'பை' இருக்கிறது? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118-வது பிரிவு, ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவது பற்றியது. அதில் வருவது 'பை மீன்ஸ் ஆஃப்'. அதாவது 'இதன் மூலம்'. மூன்று சொல்லும் சேர்ந்து வருவதால் அது கருவிதான் என்பதில் சந்தேகம் இல்லை.

ஈஸியான வழி என்ன?

பொருளோடு 'வச்சு' சேர்த்துச் சொல்லிப் பாருங்க. 'கத்தியை வச்சு வெட்டினான்', 'சாவியை வச்சு திறந்தேன்' எனப் பொருந்தினால் பெரும்பாலும் 'வித்'. 'பஸ்ஸை வச்சு வந்தேன்' என்று யாரும் சொல்வதில்லை. அதனால் அங்கே 'பை'. 'யார் செய்தது?' என்ற கேள்விக்கு விடையாக வந்தாலும் 'பை' தான்.

பணம் கொடுப்பதில் மட்டும் கவனம்: கார்டு என்றால் 'பை கார்டு', ரொக்கம் என்றால் 'இன் கேஷ்'. இவற்றை அப்படியே மனசுல வச்சுக்க வேண்டியதுதான்.